நிசப்தம் வாங்கிய கதை

உலகத்தில் வேலை செய்கிறவர்கள் உண்டு. சத்தம் போடுகிறவர்களும் உண்டு. கல்யாண வீட்டில் அடுப்படியில் வேகிறவரை யாரும் கவனிப்பதில்லை. பந்தலில் நின்றுகொண்டு, "அதைக் கொண்டா, இதைக் கொண்டா" என்று கூவுகிறவருக்குத்தான் பெயர் வருகிறது. இருபது வருஷமாகப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு காலந்தள்ளி வரும் நமக்கு இந்த உண்மை தெரியாததல்ல. சத்தம் போடாத பையன்தான் கணக்கை முதலில் போட்டு முடிப்பான். அப்படியிருந்தும், ஒரு யந்திரம் வாங்கப் புறப்பட்டபோது, அதிகமாக இரைவதுதான் அதிகமாக உழைக்கும் என்று எண்ணி ஏமாற இருந்தோம்.

அந்த யந்திரம், கூடத்து டெலிவிஷனோடு இணைத்து வைக்கும் கம்ப்யூட்டர். வீட்டையே சிறு சினிமாக் கொட்டகை ஆக்கும் யந்திரம் என்று சொல்லலாம். பழைய படங்கள், கச்சேரிப் பதிவுகள், நம் வீட்டுக் கல்யாண வீடியோ, சந்தா கட்டிப் பார்க்கும் நாடகங்கள் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்துக்கொண்டு, கேட்டதை எடுத்துக் கொடுப்பது அதன் உத்தியோகம்.

நம் வீட்டில் இந்த உத்தியோகத்தைப் பார்த்து வந்தது 2012-ல் வாங்கிய பழைய கம்ப்யூட்டர். ஆளுயரத்தில் பாதி இருக்கும். படிக்கும் அறையிலிருந்து ஓய்வு பெற்றுக் கூடத்துக்கு வந்தது. பொத்தானை அழுத்தினால் தெருக்கோடி மாவு மில் புறப்படுவது போல் ஓர் ஓசை எழும்பும். பிறகு சற்றுத் தணிந்து, படம் முடியும்வரை ஒரே சுருதியில் இரைந்துகொண்டிருக்கும். நமக்கு அது பழகிப் போயிற்று. டெலிவிஷன் சத்தத்தை இரண்டு படி ஏற்றிக்கொண்டால் தீர்ந்தது என்று இருந்தோம்.

பழகாதவர் வீட்டில் ஒருவர் இருந்தார். அவரை நாம் கவனிக்கவில்லை.

நமது தகப்பனாருக்கு வயது எண்பத்திரண்டு. இரண்டு வருஷமாகக் காதில் கேட்கும் கருவி அணிந்திருக்கிறார். கூடத்தில் ஜன்னல் ஓரமாக அவருக்கென்று ஒரு சாய்வு நாற்காலி உண்டு. முன்பெல்லாம் மாலையில் விளக்கேற்றியதும் அதில் வந்து உட்கார்ந்துவிடுவார். படத்தில் வரும் நடிகர்களின் தாத்தா காலத்துச் சரித்திரம் வரையில் சொல்வார். கொஞ்சம் கொஞ்சமாக அந்த வழக்கம் குறைந்தது. படம் ஆரம்பித்ததும், "நீங்கள் பாருங்கள்" என்று எழுந்து திண்ணைக்குப் போய்விடுவார். வயதானால் பற்று விட்டுப் போவது இயல்புதான் என்று நாம் நமக்கே தத்துவம் சொல்லிக்கொண்டோம். பிறருடைய கஷ்டத்துக்குத் தத்துவம் சொல்வதைப்போல் சுலபமான காரியம் உலகத்தில் வேறு இல்லை.

இன்னொரு விஷயம். நமது தாயார் காலமாகி ஒன்பது வருஷம் ஆகிறது. 1991-ல் அவர் நம் சகோதரிக்கு வீட்டில் பாட்டுச் சொல்லிக் கொடுத்ததை ஒரு காஸெட்டில் பதிவு செய்திருந்தோம். சென்ற விடுமுறையில் நம் பெண் அந்தக் காஸெட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றினாள். தாத்தாவைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் போட்டுக் காட்டினாள். அவர் ஐந்து நிமிஷம் கேட்டார். "போதும் அம்மா" என்று எழுந்து போய்விட்டார். துக்கம் தாங்கவில்லை போலும் என்று நினைத்து, அதற்குப் பிறகு நாம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

* * *

உண்மையை வெளிப்படுத்தியது மின்சாரத் தடை.

பரீட்சைக் காலம். ஒரு நாள் இரவு படம் ஓடிக்கொண்டிருந்தபோது திடீரென்று மின்சாரம் நின்றது. நம் வீட்டு இன்வெர்ட்டருக்குச் சக்தி குறைவு. கூடத்துக்கு ஒரு விளக்கும் ஒரு மின்விசிறியும் மட்டுந்தான் கொடுக்கும். டெலிவிஷனும் கம்ப்யூட்டரும் அணைந்தன. மின்விசிறி மாத்திரம் தலைக்குமேல் சுழன்றுகொண்டிருந்தது. நம் பெண் சாதாரணக் குரலில், "அம்மா, தாத்தாவுக்குக் காபி கொடுத்தாயா?" என்று கேட்டாள்.

திண்ணையிலிருந்து பதில் வந்தது. "கொடுத்தாள், கொடுத்தாள். நீ போய்ப் பாடத்தைப் படி!"

எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மற்ற நாட்களில் அவர் அருகில் போய் மூன்று தடவை கத்தினால்தான் ஒரு வார்த்தை எட்டும். பத்து நிமிஷத்தில் மின்சாரம் வந்தது; பெட்டி மறுபடியும் 'உம்' என்று ஆரம்பித்தது. பெண் அதே குரலில், "தாத்தா, இன்னும் கொஞ்சம் காபி வேண்டுமா?" என்றாள். பதில் இல்லை. நமது மனைவி நம்மைப் பார்த்து, "பிள்ளைகளுக்கு ஸயன்ஸ் சொல்லிக் கொடுக்கிறீர்களே, இது தெரியவில்லையா?" என்று மெதுவாகக் கேட்டாள். அந்தக் கேள்விக்கு நாம் இன்றுவரை பதில் சொல்லவில்லை.

தெரிந்திருக்க வேண்டிய விஷயந்தான். முதுமையில் காது மங்கும்போது முதலில் போவது உச்ச ஸ்தாயி ஓசைகள். பேச்சில் உயிரெழுத்துக்களின் ஒலி தணிந்த ஸ்தாயியில் பலமாக ஒலிக்கும். ச, ஸ, த, க போன்ற எழுத்துக்களின் கூர்மை மேல் ஸ்தாயியில் பலவீனமாக ஒலிக்கும். ஆகையால், யாரோ பேசுகிறார்கள் என்பது கிழவருக்குத் தெரியும். என்ன பேசுகிறார்கள் என்பது தெரியாது. பாக்கியிருக்கிற அந்தக் கொஞ்சம் கூர்மையின்மேல் யந்திரத்தின் சீறல் வந்து படிந்துவிட்டால் எல்லாம் போயிற்று. காதுக் கருவியோ தன்னிடம் வந்ததைப் பெருக்கிக் கொடுப்பது. நல்ல கருவிகள் பேச்சையும் இரைச்சலையும் பிரிக்கப் பார்க்கின்றன. அதற்கும் ஓர் எல்லை உண்டு. டெலிவிஷன் சத்தத்தை ஏற்றினால் நமக்குத் தலைவலி வந்ததே தவிர அவருக்குத் தெளிவு வரவில்லை.

மறுநாளே புதிய யந்திரம் வாங்குவது என்று தீர்மானித்தோம்.

* * *

சென்னைக்குப் போனபோது, அண்ணா சாலையை அடுத்த ரிச்சி தெருவுக்குள் நுழைந்தோம். கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்ட எந்தச் சாமானும் கிடைக்கிற தெரு அது. நிசப்தத்தை விலைக்கு வாங்குவதற்கு இதைவிடப் பொருத்தமில்லாத இடத்தைப் பிரமதேவனும் சிருஷ்டித்திருக்க முடியாது. மோட்டார் சைக்கிள் ஊதல், கை வண்டிக்காரரின் கூச்சல், கடைக்குக் கடை பாட்டு. இந்த ஆரவாரத்தில் ஒரு யந்திரம் இரைகிறதா இல்லையா என்று எப்படிக் கேட்பது?

ஒரு கடைக்காரர் நம்மை அன்புடன் வரவேற்று, கண்ணாடிப் பெட்டி ஒன்றைக் காட்டினார். அதற்குள் ஐந்து விசிறிகள். ஒவ்வொன்றிலும் வானவில்லின் வர்ணங்களெல்லாம் மின்னின. "ஸார், இது ராக்ஷஸ மெஷின். எதைப் போட்டாலும் ஓடும்" என்றார். விலையும் ராக்ஷஸ விலையாகத்தான் இருந்தது. ஆனாலும் அந்த வெளிச்சத்தைக் கண்டதும் நம் மனம் கொஞ்சம் சபலப்பட்டது. நல்ல வேளையாக நம்முடைய பழைய மாணாக்கன் ஒருவன் உடன் வந்திருந்தான். கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் தொழிலில் இருக்கிறவன். பள்ளிக்கூடத்தில் நம்மிடம் பல தடவை பெஞ்சுமேல் நின்றவன்.

"ஸார், இதில் நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள்?" என்று கேட்டான்.

"படம் பார்க்கப் போகிறோம், பாட்டுக் கேட்கப் போகிறோம்."

"படம் பார்ப்பதற்கு ராக்ஷஸன் எதற்கு ஸார்?" என்றான். பிறகு நம்மை ஒரு காபிக் கடைக்கு அழைத்துப்போய்ப் பாடம் நடத்தினான். குரு சிஷ்யராவதும் சிஷ்யன் குருவாவதும் இந்தக் காலத்தில் சகஜம். அவன் சொன்னதைப் பிற்பாடு படித்தும் பரீட்சித்தும் பார்த்தோம். வாசகர்களுக்குப் பயன்படும் என்று அதன் சாரத்தைத் தருகிறோம்.

சத்தத்தின் தாய் உஷ்ணம். கம்ப்யூட்டரின் மூளைச் சில்லு தின்கிற மின்சாரம் அத்தனையும் கடைசியில் உஷ்ணமாகத்தான் வெளிவரும். உஷ்ணத்தை வெளியேற்ற விசிறி. விசிறி சுழன்றால் சத்தம். ஆகவே விசிறியோடு சண்டை போடுவது வியாதியை விட்டுவிட்டு இருமலோடு சண்டை போடுவதாகும். உஷ்ணத்தைக் குறைக்க வேண்டும். அதற்கு யந்திரம் படும் பாட்டைக் குறைக்க வேண்டும்.

படம் காட்டுவதில் யந்திரத்துக்கு என்ன பாடு என்று கேட்கலாம். நாம் பார்க்கும் படங்களெல்லாம் ஒருவகைச் சுருக்கெழுத்தில் எழுதி வைக்கப்பட்டிருக்கின்றன. இல்லாவிட்டால் ஒரு படத்தை வைக்கவே ஓர் அலமாரி நிறைய வட்டுக்கள் வேண்டியிருக்கும். இந்தச் சுருக்கெழுத்திலும் காலத்துக்குக் காலம் புதிய முறைகள் வந்தன. எச்.264 என்பது 2003-ல் வந்தது. எச்.இ.வி.ஸி. என்பது 2013-லும், ஏ.வி.1 என்பது 2018-லும் வந்தன. சுருக்கெழுத்து தெரிந்த குமாஸ்தா ஒருவர் ஏட்டைப் பார்த்ததும் கடகடவென்று படிப்பார். தெரியாதவர் ஒவ்வொரு கோட்டுக்கும் அகராதியைப் புரட்டி வேர்த்து விறுவிறுத்துப் போவார். இக்காலத்துச் சில்லுகளில் இந்த முறைகளைப் படிப்பதற்கென்றே தனிப் பகுதி அமைத்திருக்கிறார்கள். அந்தப் பகுதி இருந்தால் மூளைக்கு வேலையே இல்லை. நம்முடைய பழைய பெட்டி பிறந்த 2012-ல் எச்.இ.வி.ஸி. முறையே பிறக்கவில்லை. பாவம், படம் ஓடிய இரண்டரை மணி நேரமும் அது அகராதியைப் புரட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பிரயாசையின் பெருமூச்சைத்தான் நாம் கேட்டு வந்தோம்.

எனவே கடைக்காரரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி "எவ்வளவு வேகம்?" என்பது அல்ல, "இந்த மூன்று முறைகளையும் தனிப் பகுதியிலேயே படிக்குமா?" என்பதுதான். இன்டெல் கம்பெனியார் 2023-ல் வெளியிட்ட என்100 என்ற சிறிய சில்லு ஓர் உதாரணம். அது மூன்றையும் படிக்கும். அதற்குக் குறித்திருக்கும் மின்சார அளவு 6 வாட். பெட்டி முழுவதற்கும் சேர்த்து, படம் ஓடும்போதுகூடப் பழைய 40 வாட் குண்டு பல்புக்கு ஆகிற செலவு ஆகாது. ராக்ஷஸ யந்திரங்களோ நூற்றுக்கணக்கான வாட்டுகளை விழுங்குகின்றன. யுத்த விளையாட்டு ஆடுகிறவர்களுக்கு அது வேண்டியிருக்கலாம். பழைய படம் பார்க்கிறவர்களுக்கு வேண்டாம்.

இந்த இடத்தில் சுதேசி அன்பர்கள் ஒரு கேள்வி கேட்பார்கள். நமக்கும் அது தோன்றியது. நம் நாட்டுச் சில்லு இல்லையா? சென்னை ஐ.ஐ.டி.யில் 'சக்தி' என்ற பெயரில் சில்லுகளை வடிவமைத்து வருகிறார்கள். 2018-ல் அவற்றில் ஒன்றில் லினக்ஸை ஓட்டிக் காட்டினார்கள். நம் கூடத்துக்கு ஒரு சக்தி வரும் நாளை ஆவலுடன் எதிர்பார்க்கிறோம். அதுவரையில், வேண்டாத பெரிய யந்திரத்துக்காகப் பணத்தை வெளிநாட்டுக்கு அனுப்பாமல் இருப்பதும் ஒரு சிறு தேச சேவைதான்.

* * *

உஷ்ணத்தைக் குறைத்தாயிற்று. மீதியிருக்கும் உஷ்ணத்தை எப்படி ஓசையில்லாமல் வெளியேற்றுவது? இதற்கு விடை நம் தலைக்கு மேலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

மின்தடையன்று கூடத்து மின்விசிறி சுழன்றுகொண்டுதான் இருந்தது. ஆனாலும் நமது தகப்பனாருக்குப் பேச்சுக் கேட்டது. ஏன்? நம் வீடுகளில் சாதாரணமாக இருக்கும் விசிறியின் அகலம் 1,200 மில்லிமீட்டர். முழு வேகத்திலும் நிமிஷத்துக்குச் சுமார் 350 சுற்றுத்தான். அகன்ற இறக்கைகள் நிதானமாகக் காற்றைத் தள்ளுகின்றன. அதன் ஓசை தணிந்தது. மூச்சு விடுவது போன்றது. உள்ளங்கை அகலமுள்ள சிறு விசிறியோ அதே கடமையைச் செய்ய நிமிஷத்துக்கு 4,000, 5,000 சுற்றுச் சுற்றிக் கொசுவைப்போல் ரீங்காரம் செய்கிறது. பெரிதாகவும் மெதுவாகவும் இருப்பதே அமைதியின் ரகசியம்.

இதற்குக் கணக்கும் உண்டு. விசிறியின் வேகத்தைப் பாதியாக்கினால் காற்று பாதியாகிறது. ஓசையோ சுமார் 15 டெசிபல் குறைகிறது. பத்து டெசிபல் குறைந்தாலே நம் காதுக்குப் பாதிச் சத்தமாகத் தோன்றும். 80 மில்லிமீட்டர் விசிறிக்குப் பதில் 120 மில்லிமீட்டர் விசிறி போட்டால் பரப்பு இரண்டேகால் மடங்காகிறது. ஆகவே நிதானமாகச் சுழன்றே அதே காற்றைத் தந்துவிடும். ஆஸ்திரியா தேசத்தில் நாக்டுவா என்று ஒரு கம்பெனி அமைதியான விசிறிகளுக்குப் பெயர் பெற்றது. அதன் முத்திரை ஆந்தை. பறக்கும்போது ஓசை கேட்காத பறவை அது, பொருத்தமான முத்திரைதான்.

சிறிய பெட்டி என்றால் அமைதியான பெட்டி என்று நினைத்துவிடக் கூடாது. நம் சக ஆசிரியர் ஒருவரிடம் உள்ளங்கையில் அடங்கும் பெட்டி ஒன்று இருந்தது. இரண்டு நாள் இரவல் வாங்கி வைத்துப் பார்த்தோம். அதற்குள் இருந்த குட்டி விசிறி, படத்தில் கதாநாயகி அழும்போதெல்லாம் தானும் 'கீ' என்று அழுதது. ஒரே சுருதியில் இருக்கும் ஓசையைக் காது மன்னித்துவிடும். ஏறி இறங்கும் ஓசையை மன்னிக்காது. நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்தோம்.

கடைசியில் விசிறியே இல்லாத பெட்டி ஒன்றை வாங்கினோம். அதன் உடல் முழுவதும் அலுமினியத் தகடுகள் வரிவரியாக இருக்கும். அந்தத் தகடுகள் வழியாகவே உஷ்ணம் காற்றில் கலந்துவிடும். விலை ஒரு நடுத்தரக் கைப்பேசியின் விலைதான். எட்டு ஜி.பி. நினைவும், 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி.யும் நம் காரியத்துக்குத் தாராளமாகப் போதும். எஸ்.எஸ்.டி. என்பது சுழலும் பகுதி எதுவும் இல்லாத சேமிப்புப் பலகை. எனவே அதில் ஓசைக்கு இடமே இல்லை. பழைய ஹார்ட் டிஸ்க்கோ நிமிஷத்துக்கு 5,400 அல்லது 7,200 தடவை சுற்றுகிற வட்டு. மரப் பலகையின்மேல் வைத்தால் பலகையும் சேர்ந்து முழங்கும். ஆனால் நிறையப் படங்களைச் சேர்த்து வைக்க அதுதான் மலிவு. ஆகவே அதைப் படிக்கும் அறையில் பழைய பெட்டியிலேயே வைத்துவிட்டு, ஒரு கம்பியைச் சுவர் ஓரமாக இழுத்துக் கூடத்துப் பெட்டியோடு இணைத்தோம். தூரமும் நடுவில் ஒரு சுவரும் தருகிற அமைதியை எந்தக் கம்பெனியும் தர முடியாது.

இணைக்கும் துளையையும் கவனிக்க வேண்டும். 4கே டெலிவிஷன் உள்ளவர்கள் எச்.டி.எம்.ஐ. 2.0 துளையுள்ள பெட்டியாகப் பார்த்து வாங்க வேண்டும். பழைய 1.4 முறையில் 4கே படம் வினாடிக்கு 30 சட்டத்துக்கு மேல் வராது. இன்னொரு சூட்சுமம்: சினிமா படங்கள் வினாடிக்கு 24 சட்டம் வீதம் எடுக்கப்பட்டவை. டெலிவிஷனை 60-லேயே ஓட்டினால் ஒரு சட்டம் மூன்று தடவையும் அடுத்த சட்டம் இரண்டு தடவையுமாகக் காட்டப்பட்டு, படம் நொண்டும். கோடி என்ற இலவச மென்பொருளில் படத்துக்குத் தகுந்தபடி டெலிவிஷனை மாற்றிக்கொள்ளும் வசதி இருக்கிறது; அதை ஒரு தடவை அமைத்துவிட்டால் போதும்.

நியாயமாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். சந்தா கட்டிப் பார்க்கும் படங்கள் மட்டும் போதும் என்கிறவர்களுக்கு இந்த யந்திரம் அவசியமில்லை. டெலிவிஷனில் செருகும் சிறு குச்சி போதும். அதில் விசிறியும் இல்லை. உரிமைப் பூட்டுக் காரணமாகச் சில சந்தாப் படங்கள் கம்ப்யூட்டரில் முழுத் தெளிவோடு வருவதுமில்லை. சொந்தமாகச் சேர்த்து வைத்த படங்களும் பாட்டுக்களும், வேறு எங்கும் கிடைக்காத குரல்களும் உள்ள வீட்டுக்குத்தான் கம்ப்யூட்டர் வேண்டும்.

* * *

பெட்டி வந்தது. நமது மனைவி அதைப் பார்த்து, "ஹார்மோனியத்தின் குட்டி மாதிரி இருக்கிறதே" என்று சொல்லிவிட்டு, அழகு கெடாதிருக்க டெலிவிஷனுக்குக் கீழே கண்ணாடிக் கதவு போட்ட அலமாரிக்குள் வைத்தாள். முதல் மாதம் பிரமாதமாக இருந்தது. சித்திரை பிறந்தது. ஒரு நாள் பகல் இரண்டு மணிக்குப் படம் நின்று நின்று ஓட ஆரம்பித்தது. கதவைத் திறந்து பெட்டியைத் தொட்டுப் பார்த்தால் தோசைக்கல்!

குற்றம் பெட்டியினுடையது அல்ல, நம்முடையது. விசிறியில்லாத பெட்டி உஷ்ணத்தை விடுவது தனக்கும் அறைக்கும் உள்ள வித்தியாசத்தைப் பொறுத்தது. பெட்டியின் உடல் 60 டிகிரியும் அறை 25 டிகிரியும் இருந்தால் வித்தியாசம் 35. அறையே 40 ஆகிவிட்டால் வித்தியாசம் 20 தான். உஷ்ணம் வெளியேறும் வேகம் ஏறக்குறையப் பாதிக்கு வந்துவிடும். அலமாரிக்குள் கதவையும் சாத்தி வைத்தால் கேட்பானேன்? சில்லு தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேலையைக் குறைத்துக்கொள்கிறது; படம் தடுமாறுகிறது. குளிர் தேசத்தார் எழுதுகிற சிபாரிசுகளை நம் ஊர்ச் சித்திரைக்கு அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. பெட்டியை அலமாரியின் மேல் திறந்த இடத்தில், நாலு பக்கமும் ஒரு சாண் இடைவெளி விட்டு வைத்தோம். மின்விசிறியின் காற்றும் அதன்மேல் கொஞ்சம் வீசுகிறது. அன்று முதல் அது தடுமாறவில்லை. அழகுக்காக மனைவி பக்கத்தில் ஒரு தஞ்சாவூர்ப் பொம்மையை வைத்திருக்கிறாள். பொம்மை தலையாட்டுகிற ஓசைகூட இப்போது கேட்கிறது.

பெட்டியை இடம் மாற்றிய அன்று மாலை நாம் யாரையும் கூப்பிடவில்லை. படத்தைப் போட்டோம். சத்தம் வழக்கத்தைவிட இரண்டு படி குறைவாகவே இருந்தது. சற்று நேரத்துக்கெல்லாம் திண்ணையில் கைத்தடி ஓசை கேட்டது. நமது தகப்பனார் வந்து சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தார். பத்து நிமிஷம் பேசாமல் பார்த்தார். பிறகு, "ஏண்டா, இந்தப் பையனின் தாத்தாகூட நாடகத்தில் நடித்தவர், தெரியுமோ?" என்று ஆரம்பித்தார். அந்தச் சரித்திரத்தை நாம் முப்பது தடவை கேட்டிருக்கிறோம். முப்பத்தோராவது தடவை கேட்டபோது மனம் நிறைந்துவிட்டது.

படம் முடிந்ததும் அவரே தயங்கித் தயங்கிக் கேட்டார். "அந்தக் காஸெட்டு... உன் அம்மாவுடையது... இதில் இருக்கிறதா?"

"இருக்கிறது, தாத்தா" என்று சொல்லிப் பெண் போட்டாள்.

நாடாவின் சீறல் இருக்கத்தான் செய்தது. அதற்குமேல் நமது தாயாரின் குரல் எழுந்தது. ஓர் அடியைப் பாடினார். சகோதரி திருப்பிப் பாடினாள். "இன்னொரு தடவை" என்றார். அந்த இடைவெளியில் ஒரு தம்ளர் வைக்கும் ஓசை. பிறகு, பாட்டுக் குரலாக அல்லாமல், முகத்தைத் திருப்பிக்கொண்டு தணிவாக யாரிடமோ சொன்ன ஒரு வாக்கியம்: "காபி ஆறிப் போகிறது. எடுத்துக்கொள்ளுங்கள்."

அந்த வாக்கியம் பதிவில் இருப்பது நமக்கே தெரியாது. பழைய பெட்டியில் எத்தனையோ தடவை போட்டிருக்கிறோம். யந்திரத்தின் இரைச்சலுக்கு அடியில் அது புதைந்து கிடந்தது. அன்றைக்கு அவர் "போதும் அம்மா" என்று எழுந்து போனது துக்கத்தினால் அல்ல, ஒன்றும் விளங்காததனால்தான். அதை வாய்விட்டுச் சொல்ல அவருக்கு வெட்கம். கேட்டுத் தெரிந்துகொள்ள நமக்குப் புத்தியில்லை.

"அதை மறுபடியும் போடு, குழந்தை" என்றார்.

பெண் மறுபடியும் போட்டாள். மூன்று தடவை கேட்டார். ஒன்றும் பேசவில்லை. நமது மனைவி உள்ளே போய்க் காபி கலந்து கொண்டுவந்து, "மாமா" என்று கூப்பிட்டு அருகில் வைத்தாள்.

அன்று அவர் காபியை ஆறவிடவில்லை.